ஆற்றிலிருந்து எண்ணும் தெரு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தூறல் விழுந்தும் எழுந்து போகாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கும் புதுச்சேரிப் பெருமக்களே, வணக்கம்.

'வெளிநாட்டுப் பயணத்தில் மனத்தில் நிற்பவை நகரங்களா, இயற்கைக் காட்சிகளா?' என்பது தலைப்பு. நகரங்களே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஆல்ப்ஸ் மலையை இந்த மேடையில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டதை நானே பார்த்தேன். அதுவரை சரி. போகிற போக்கில், "உலகத்து நகரமெல்லாம் ஒன்றுதான், கண்ணாடிக் கட்டடம், கார், கடை" என்று ஒரு வரி சொன்னாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் பாரிசில் குடியிருக்கிறாள். அங்கே போன மூன்றாம் நாள் காலை, ரொட்டி வாங்கி வருகிறேன் என்று வீறாப்பாகக் கிளம்பினேன். வீட்டு எண் 12. கடை கிடைத்தது, ரொட்டியும் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே வெளிர்மஞ்சள் கல்லில், ஒட்டி ஒட்டி ஆறு மாடி வீடுகள். 1853 முதல் 1870 வரை ஒஸ்மான் என்ற அதிகாரி பழைய பாரிசை இடித்து நேராக்கிக் கட்டிய வரிசைகளின் சாயல் அது. பார்க்க அழகுதான், வழி தவறியவளுக்கு அந்த அழகால் என்ன பயன்? 58, 60, 62 என்று எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. நானும் போகிறேன்.

கைத்தடியோடு ஒரு மூதாட்டி வந்தார். பள்ளியில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு கேட்டேன். அவர் என்னை நிறுத்திவைத்துப் பாடமே எடுத்துவிட்டார். பாரிசில் ஆற்றுக்குக் குறுக்காகப் போகும் தெருக்களில் வீட்டு எண் சேன் நதிப் பக்கமிருந்து தொடங்குகிறது. நதியோடு இணையாகப் போகும் தெருக்களில் நீர் ஓடும் திசையில் எண் ஏறுகிறது. ஏறுகிற திசையில் நடந்தால் இரட்டைப்படை வலப்பக்கம், ஒற்றைப்படை இடப்பக்கம். நெப்போலியன் காலத்தில், 1805-இல் வந்த ஏற்பாடாம். "எண் குறைகிற பக்கம் போ, நதி இருக்கிற பக்கம் அதுதான்" என்றார். திரும்பி நடந்தேன். 12 வந்தது. ரொட்டி ஆறிப்போயிருந்தது.

நம் ஊரில் பழைய எண், புதிய எண், அதற்கும் மேல் 'பிள்ளையார் கோவிலுக்கு எதிரே' என்று முகவரி சொல்லி வளர்ந்தவள் நான். ஒரு நகரம் தன் நதியைக் கேட்டு வீட்டுக்கு எண் போடுகிறது என்றால், அங்கேயே நின்று கும்பிடத் தோன்றாதா? எதிரணி நண்பர் எழப் பார்க்கிறார். நதி இயற்கைதானே என்று கேட்கப் போகிறார். ஐயா, அந்த நதியைப் படகில் போய்ப் பார்த்தபோது பழுப்புத் தண்ணீராகத்தான் தெரிந்தது. அந்த அம்மா சொன்ன பிறகுதான் அதற்கு ஒரு குணம் வந்தது.

மலைக்கும் போனேன், போகாமல் பேச வரவில்லை. சுவிட்சர்லாந்தில் யுங்ஃபிராவ்யோக் நிலையம், 3,454 மீட்டர் உயரம். மலையின் வயிற்றைக் குடைந்து 16 ஆண்டுகள் பாடுபட்டு 1912-இல் திறந்த ரயில் பாதை. டிக்கெட் விலையை ரூபாயில் மாற்றிப் பார்க்க வேண்டாம் என்றாள் மகள். மாற்றிப் பார்த்தேன். பிறகு சுரங்கத்தின் இருட்டில் மௌனமாக உட்கார்ந்திருந்தேன். மேலே போய் இறங்கினால் மேகம்! முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை. ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறு எங்கள் காலடியில் கிடப்பதாகப் பலகை சொன்னது. பலகையைப் படம் எடுத்துக்கொண்டோம். அன்றைக்கு நினைவில் நிற்பது ஒரு குஜராத்திக் குடும்பம் டப்பாவைத் திறந்து நீட்டிய தெப்லாவும் மாங்காய் ஊறுகாயும்தான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். மறுநாள் வானம் வெளுத்திருந்தது. லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில், கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து ஓர் அருவி கீழே வருவதற்குள் புகையாகிவிடுகிறது. பேச்சு நின்றுவிட்டது எனக்கு. பத்து நிமிடம் இருக்கும். அதற்குள் என் கணவர், "குற்றாலம் மாதிரி இருக்கிறது" என்றார். ஏரியைப் பார்த்தால் கொடைக்கானல், புல்வெளியைப் பார்த்தால் ஊட்டி. காட்சி எதுவானாலும் நாம் ஐந்தே நிமிடத்தில் அதை நம் ஊர் அலமாரியில் எடுத்து அடுக்கிவிடுகிறோம்.

பாரிசையும் நீ புதுச்சேரியோடு ஒப்பிடவில்லையா என்று நடுவர் கேட்கலாம். ஒப்பிட்டேன். அங்கேதான் மூக்குடைந்தேன். நம் புல்வார் தெருக்கள் பாரிசின் நகல் என்று நாற்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அங்கே போய்ப் பார்த்தால், தெருப்பெயர் எழுதிய நீலத் தகட்டைத் தவிர வேறெதுவும் ஒட்டவில்லை. மஞ்சள் சுண்ணாம்புச் சுவர், உயரமான மதில், உள்ளே முற்றம், போகன்வில்லா, வெயிலுக்கென்றே வைத்த மரச் சன்னல்கள் எல்லாம் இந்த மண்ணுக்காகக் கட்டியவை. ஊருக்குத் திரும்பிய மறுநாள் டூமாஸ் வீதியில், சுற்றுலா வந்தவள்போல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். தெரிந்தவர்கள் கழுத்து வலியா என்று விசாரித்தார்கள்.

பாரிசின் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பல் பகுதி. முருங்கைக்காய், கறிவேப்பிலை, தமிழ்ப் பெயர்ப்பலகைகள். பெரும்பாலும் ஈழத்தமிழர் கடைகள். ஒரு கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், உங்கள் ஊர்க்காரர்கள் எங்களுக்கு முன்பே இங்கு வந்தவர்களாயிற்றே என்றார். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட நம் குடும்பங்களின் கதையை, போர் துரத்தி வந்த ஒருவர் புளியை நிறுத்துக்கொண்டே எனக்குச் சொல்கிறார். காசு கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் நடக்க முடியவில்லை.

சைகோனிலும் அப்படித்தான். என் தாத்தா அங்கே பிரெஞ்சுக்காரர் காலத்தில் வேலை பார்த்தவர். அவர் கும்பிட்ட மாரியம்மன் கோவில் நகர நடுவில் இன்றும் இருக்கிறது. நான் போனபோது தமிழர் யாரும் இல்லை. வியட்நாம் பெண்கள் ஊதுவத்தியோடு வந்து, கற்சுவரில் நெற்றியை வைத்து என்னமோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் வைத்தேன். கல் குளிர்ந்திருந்தது.

எதிரணித் தலைவர் ஐந்திணையை எடுத்துவிட்டு, தமிழன் நிலத்தைப் பாடியவன் என்றார். பாடினான்தான். ஆனால் முதல், கரு, உரி என்று மூன்றை வரிசைப்படுத்திய தொல்காப்பியர் 'முறை சிறந்தனவே' என்றார். நிலமாகிய முதலைவிடக் கருப்பொருளும், அதைவிட மனித ஒழுக்கமாகிய உரிப்பொருளும் சிறந்தவை என்று உரையாசிரியர்கள் விளக்கினார்கள். குறிஞ்சி மலையில் தலைவி இல்லையென்றால் அது வெறும் மலை, ஐயா. பத்துப்பாட்டில் மிக நீளமானது 782 அடிகள் கொண்ட மதுரைக்காஞ்சி. அது மதுரையின் பகல் கடைகளிலும் இரவுக் கடைகளிலும் எவ்வளவு நேரம் நின்று பார்க்கிறது என்பதைத் தலைவர் வீட்டுக்குப் போய்ப் புரட்டிப் பார்க்கட்டும்.

நடுவர் மணியைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் அந்த அருவியின் பெரிய படம் ஒன்று, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அது எந்த அறையில் என்று இரண்டாம் வரிசையில் இருக்கும் என் கணவரைக் கேளுங்கள். பாருங்கள், யோசிக்கிறார். பாரிசில் மகளின் வீட்டு எண் என்னவென்று இப்போது நீங்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

வணக்கம்.