சுண்டல் கணக்கும் பயங்கரவாதத் தடுப்பும்

வணக்கம். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் சின்னச் சின்ன அறக்கட்டளைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். பயங்கரவாதத் தடுப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். துப்பாக்கியும் கமாண்டோவும் எனக்குத் தெரியாது, வாஸ்தவம். ஆனால் அந்தக் கொள்கை ஒரு சந்துக்குள் எந்த வழியாக வருகிறதென்று தெரியும். பேங்க் கவுன்ட்டர் வழியாக வருகிறது.

காசிமேட்டில் ஒரு அம்மா சாயங்கால டியூஷன் நடத்துகிறார். எல்லாம் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். பதிவு செய்த டிரஸ்ட்தான். செலவென்றால் சாக்பீஸ், கரண்ட் பில், சுண்டல். கொண்டைக்கடலை ஒரு கிலோ, தேங்காய் அரை மூடி என்று ஒன்று விடாமல் எழுதி வைப்பார். அந்த நோட்டைப் பார்ப்பதே எனக்கு ஒரு சந்தோஷம். அவரிடம் படித்த பையன் ஒருவன் வளைகுடாவில் வெல்டர். கொஞ்சம் பணம் அனுப்பினான். இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை முறையாக வங்கி மூலம் அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடையில் சேராது. இருந்தும் யார் அனுப்பியது, எதற்கு, தர்பண் எண் (தொண்டு நிறுவனங்களுக்கு மத்திய அரசின் தளம் தரும் பதிவு எண்) எங்கே என்று வங்கியில் கேள்விமேல் கேள்வி. 2023 மார்ச்சில் பணமோசடித் தடுப்பு விதிகளைத் திருத்தியதிலிருந்து தொண்டு நிறுவனக் கணக்கு என்றால் நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் விவரம் ஏற வேண்டும். அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "ஏன் சார், பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறதுக்குமா டெல்லியில நம்பர் வாங்கணும்?"

வேடிக்கை என்னவென்றால், அதே மாதம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். விழிப்புணர்வுக் கூட்டம் போடணும், பசங்க உங்க பேச்சைத்தான் கேக்கறாங்க, நீங்கதான்மா கூட்டி வரணும் என்று. ஒரு பக்கம் சந்தேகம், மறுபக்கம் உதவி கேட்டு வருகிறார்கள்.

இந்தச் சந்தேகம் டெல்லியில் மட்டும் பிறந்ததல்ல. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த அடுத்த மாதம், 2001 அக்டோபரில், பணமோசடியையும் பயங்கரவாதத்துக்குப் பணம் போவதையும் தடுக்கப் பல நாடுகள் சேர்ந்து நடத்தும், பாரிஸில் தலைமையகம் உள்ள எஃப்.ஏ.டி.எஃப். என்ற அமைப்பு உலக நாடுகளுக்கு ஒரு பரிந்துரை சொன்னது. பயங்கரவாதத்துக்குப் பணம் போகும் வழியாகத் தொண்டு நிறுவனங்கள் எளிதில் பயன்படக்கூடியவை, சட்டத்தை இறுக்குங்கள் என்றது. அப்படிப் பணம் போனதே இல்லை என்று நான் சொல்லவில்லை. போயிருக்கிறது. ஆனால் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தினால்? தொண்டு நிறுவனங்கள் பல ஆண்டு வாதாடி, 2016இல் அந்த வாசகத்தை எடுக்க வைத்தன. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே, அதன் அளவுக்குப் பாருங்கள் என்பதுதான் இப்போது விதி. 2024இல் இந்தியாவை மதிப்பிட்டபோதும் அதே அமைப்பு அதையே சொன்னது: அளவு பார்த்துச் செய்யுங்கள், தொண்டு நிறுவனங்களோடு பேசுங்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன், அளவு பாருங்கள்.

நம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமோ வேறு திசையில் போனது. 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடை முதலில் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே ஒரு கிளைக்குத்தான் வந்தாக வேண்டும். ஒரு பெரிய நிறுவனம் அதில் ஒரு பங்கைச் சின்ன நிறுவனத்துக்குக் கொடுப்பதும் கூடாது. வியாசர்பாடி மாதிரி இடங்களில் இருப்பவை சின்ன நிறுவனங்கள்தானே.

காவல்துறைக்கும் மக்களுக்கும் நடுவே நல்ல முயற்சியே நடக்கவில்லையா என்றால், நடந்தது. 1991இல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் காயமடைந்த காவல் அதிகாரி பிரதீப் பிலிப், 1993இல் ராமநாதபுரத்தில், பொதுமக்கள் தன்னார்வலர்களாகக் காவல்துறைக்கு உதவும் 'காவல்துறை நண்பர்கள்' இயக்கத்தைத் தொடங்கினார். குண்டில் அடிபட்டவர் மக்களைச் சந்தேகிக்கவில்லை, சேர்த்துக்கொண்டார். 2020இல் சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குப் பிறகு அரசே அதைத் தடை செய்தது. யார் சேருகிறார்கள், யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பதில்தான்...

சரி, நேரமாகிவிட்டதென்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். தடா, பொடா, யுஏபிஏ என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: 1985இல் வந்த தடா 1995இல் காலாவதியானது, 2002இல் வந்த பொடாவை 2004இல் நீக்கினார்கள். இரண்டிலும் மனித உரிமை அமைப்புகள் விடாமல் எதிர்த்துப் பேசியதற்குப் பங்கு உண்டு. யுஏபிஏவில் ஜாமீன் கிடைப்பது இன்றும் பெரும்பாடு.

டிரஸ்ட் நடத்துபவர்கள் தர்பண் எண் வாங்கிவிடுங்கள், கட்டணம் கிடையாது. வணக்கம்.