மிஸ்டர் கருப்பனும் சிவப்பு நூலும்: வியன்னாவுக்கே நூல் வித்த கிரேக்க மலைக்கிராமம்

[திரையில்: மலைச்சரிவில் ஒரு பழைய மூணு மாடி வீடு]

வணக்கம் மக்களே! இந்த வீட்டைப் பாருங்க. கீழே கோட்டை மாதிரி கல் சுவர். மேலே தெருப்பக்கம் துருத்திக்கிட்டு நிக்கிற மாடி. உள்ளே போனா சுவர் முழுக்க ஓவியம். இதைக் கட்டி முடிக்க 1787லேர்ந்து 1798 வரைக்கும் ஆச்சு. வீட்டுக்காரர் பேர் ஜார்ஜியோஸ் ஷ்வார்ட்ஸ்.

கிரேக்க மலையில ஷ்வார்ட்ஸ் எங்கேர்ந்து வந்தார்னு கேக்குறீங்களா? ஆளு அசல் கிரேக்கர்தான். சொந்தப் பேர் மாவ்ரோஸ். கிரேக்கத்துல மாவ்ரோஸ்னா கருப்பு. வியாபாரமெல்லாம் ஆஸ்திரியா தலைநகர் வியன்னா பக்கம், ஜெர்மன் பேசுற ஆளுங்களோட. அதனால பேரையும் ஜெர்மன்ல திருப்பிப் போட்டாச்சு: ஷ்வார்ட்ஸ். நம்ம கருப்பையா லண்டன் போய் மிஸ்டர் பிளாக் ஆன மாதிரி!

இந்த மிஸ்டர் கருப்பனுக்குப் பணம் கொட்டினது சிவப்புல. அதான் இன்னிக்குக் கதை. லைக் பட்டனைத் தட்டிட்டு வாங்க.

[திரையில்: வரைபடம்]

ஊர் பேர் ஆம்பெலாக்கியா. குட்டித் திராட்சைத் தோட்டங்கள்னு அர்த்தம். கிரேக்கத்துல தெசலி பகுதி, கிஸ்ஸாவோஸ் மலைச்சரிவு. கீழே டெம்பி பள்ளத்தாக்குல பினியோஸ் ஆறு ஓடுது. அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தா ஒலிம்பஸ், புராணத்துல ஸீயஸ் குடியிருந்த மலை. அப்போ துருக்கியோட ஓட்டோமான் ஆட்சி, சுல்தான், பாஷா, வரி. வரலாறு அவ்வளவுதான், நீங்க எப்படியும் பத்து செகண்ட் தள்ளி ஓட்டத்தான் போறீங்க.

சாயத்துக்கு வருவோம். இங்கே கொஞ்ச நேரம் உக்காரப் போறேன், முன்னாடியே சொல்லிட்டேன்.

பருத்தி நூல்ல சிவப்பு ஏத்துறது லேசான வேலை இல்லை. பட்டும் கம்பளியும் சாயத்தைச் சட்டுன்னு பிடிச்சுக்கும். பருத்தி பிடிக்காது. ரெண்டு தடவை துவைச்சா ரோஸ் ஆயிடும், பக்கத்துல கிடந்த வெள்ளை வேட்டியும் போச்சு. ஐரோப்பாக்காரங்க இதுல ரொம்ப காலம் திண்டாடினாங்க. ஆனா கிழக்கு மத்தியதரைக்கடல் பக்கத்து சாயக்காரங்களுக்கு ஒரு வித்தை தெரியும். அவங்க ஏத்துற சிவப்பு வெயிலுக்கும் அசையாது, சோப்புக்கும் அசையாது. ஐரோப்பாவுல அதுக்குப் பேரே 'துருக்கிச் சிவப்பு'.

எப்படிப் பண்ணாங்க? மூக்கைப் பிடிச்சுக்கோங்க. நூலை முதல்ல ஆலிவ் எண்ணெய்ல ஊறப்போடணும். நல்ல எண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை அடிக்கிற எண்ணெய்தான் வேணும். அதுல காரச்சாம்பல் தண்ணி. கூடவே ஆட்டுப்புழுக்கை! காய வைக்கணும், திரும்ப ஊறப்போடணும், திரும்பக் காய வைக்கணும். அப்புறம் மாசிக்காய், அப்புறம் படிகாரம். அதுக்கப்புறம்தான் சிவப்பு வேரு. கிரேக்கர்கள் ரிசாரின்னு சொல்ற செடியோட வேரு அது. நம்ம நாட்டு மருந்துக்கடையில மஞ்சிட்டின்னு கேட்டா ஒண்ணு குடுப்பாங்களே, அதுக்கு இது பங்காளி. அந்த வேர்க் கஷாயத்துல சில பேர் மாட்டு ரத்தமும் ஊத்துவாங்க. கடைசியா சோப்புத்தண்ணில கொதிக்க வைக்கணும். மொத்தம் வாரக்கணக்குல வேலை. அந்தத் தெருவுல யார் வீட்டுக்கும் பொண்ணு பார்க்கப் போயிருக்க முடியாதுன்னு நினைக்கிறேன்.

இப்போ ஒரு நிமிஷம் நம்ம பக்கம் வாங்க. சோழமண்டலக் கரையில சாயவேர்னு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? இம்பூறல் செடியோட வேர். ராமேஸ்வரம், மன்னார் பக்கம் மணல்ல தோண்டி எடுப்பாங்க. மதுரைச் சுங்குடியோட பழைய சிவப்பு அதுலதான். அங்கேயும் எண்ணெய், அங்கேயும் சாணம், புழுக்கை, அங்கேயும் படிகாரம்! ரெண்டு வேருக்குள்ளேயும் இருக்கிற சிவப்பும் ஒண்ணேதான், அலிசரின். செடி வேற, கடல் வேற, கைப்பக்குவம் மட்டும் ஒண்ணு. எனக்கு இதைப் படிச்சப்போ புல்லரிச்சுப் போச்சு.

[திரையில்: கோவேறு கழுதை வரிசை]

சரி, கம்பெனி. 1778ல ஊர்க்காரங்க ஒண்ணு சேர்ந்து ஒரு கூட்டு வியாபாரம் ஆரம்பிக்கிறாங்க. முதலாளியும் பங்கு போடலாம், சாயக்காரனும் போடலாம். ஒரே ஆள் எல்லாத்தையும் வளைச்சுப் போட்டுடக் கூடாதுன்னு உச்சவரம்பும் வெச்சாங்க: 20,000 பியாஸ்தருக்கு (அப்போதைய ஓட்டோமான் காசு) மேல யாரும் பங்கு வாங்க முடியாது. அந்தக் காலத்துல சலோனிகா துறைமுகத்துல பிரெஞ்சு துணைத் தூதரா இருந்த பொஜூர் எழுதியிருக்கார்: 24 சாயப்பட்டறை, வருஷத்துக்கு 2,500 பொதி நூல். ஒரு பொதி 100 ஓக்கா, ஓக்கான்னா கிட்டத்தட்ட 1.28 கிலோ. கணக்குப் போடுங்க, வருஷத்துக்கு சுமார் 320 டன்! பொண்ணுங்க நூல் நூக்க, ஆம்பளைங்க சாயம் ஏத்த, 4,000 பேரும் தேன்கூட்டுல ஈ மாதிரி மொய்ச்சுக்கிட்டு இருந்தாங்களாம். பார்த்தா துருக்கிக் கிராமம் மாதிரி இல்லை, ஹாலந்து ஊர் மாதிரி இருக்குன்னு ஆச்சரியப்படுறார் மனுஷன்.

அந்த நூல் கழுதை முதுகுல பால்கன் மலையெல்லாம் தாண்டி வியன்னா, லைப்சிக், டிரெஸ்டன் வரைக்கும் போச்சு.

'உலகத்தின் முதல் கூட்டுறவு சங்கம்'னு இந்த ஊரைப் பத்திப் பெருமையாச் சொல்லுவாங்க. எனக்கு அதுல முழுசா உடன்பாடு இல்லை. பங்குக்கு ஏத்த லாபம்னா அது பாதி கம்பெனி, பாதி கூட்டுறவு. ஆனா 1844ல இங்கிலாந்துல நவீன கூட்டுறவுக்கு முன்னோடியான ராச்டேல் சங்கம் வர்றதுக்கு அறுபத்தாறு வருஷம் முன்னாடியே ஒரு மலையில இதை யோசிச்சிருக்காங்க பாருங்க, அதுக்கு சல்யூட்.

எப்படி விழுந்துச்சு? ரகசியம் முன்னாடியே கசிஞ்சிடுச்சு. 1747லேயே பிரெஞ்சுக்காரங்க கிரேக்க சாயக்காரங்களைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, 1765ல பிரெஞ்சு அரசாங்கம் செய்முறையை அச்சடிச்சே போட்டுடுச்சு. அப்புறம் இங்கிலாந்து மெஷின் நூல் மலிவா வந்து குவிஞ்சுது. உள்ளே பங்காளிச் சண்டை, வழக்கு. மேலே அந்தப் பக்கத்தை ஆட்டிவெச்ச ஓட்டோமான் ஆளுநர் அலி பாஷாவோட வரி. 1811ல ஆஸ்திரியா அரசாங்கமே திவால், வியன்னாவுல கிடந்த காசெல்லாம் காகிதம். அந்தக் காலத்தோட கம்பெனி முடிஞ்சுது. 1868ல ஜெர்மன்காரங்க ஆய்வுக்கூடத்துலேயே அலிசரின் செஞ்சாங்க. அதுக்கப்புறம் ரிசாரிக்கும் வேலை இல்லை, நம்ம சாயவேருக்கும் வேலை இல்லை.

[திரையில்: சதுக்கம், மரநிழல்]

இன்னிக்கு அங்கே சில நூறு பேர்தான். சதுக்கத்துல பெரிய மரத்தடியில மேஜை போட்டிருக்கும். ஒரு காபியை வெச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் அரசியல் பேசுவாங்க, நம்ம டீக்கடை பெஞ்சேதான். கோடை மத்தியானம் ஊரே தூங்கும், அப்போ போய்க் கதவைத் தட்டிடாதீங்க. விருந்தாளி வந்தா சின்னத் தட்டுல பழப்பாகு ஒரு ஸ்பூன், பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி. அந்த மாதிரிப் பாகு, ஜாமெல்லாம் செஞ்சு விக்கிறது ஊர்ப் பொண்ணுங்க. 1980கள்ல அவங்க ஆரம்பிச்சதும் ஒரு கூட்டுறவு சங்கம்தான்!

ஷ்வார்ட்ஸ் வீடு இப்போ மியூசியம். டிக்கெட் எடுத்தா உள்ளே போய்ப் பார்க்கலாம்.

கமெண்ட்ல ஒண்ணு சொல்லிட்டுப் போங்க: உங்க பேரை ஜெர்மன்ல திருப்பிப் போட்டா என்ன வரும்? எங்க தாத்தா பேர் வெள்ளைச்சாமி. ஹெர் வைஸ். கேக்கவே கம்பீரமா இருக்குல்ல?