மூன்று பேர், இரண்டு குடை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். அதற்குப் பெயர் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டாயிற்று, மழை கொட்டுகிறது. ஒரு வில்லோ மரத்தடியில் தொப்பலாக நனைந்து நின்று அழுதுகொண்டிருக்கிறது. கூட்டிப்போக ஒருவரும் வரவில்லை.

ஜப்பானில் சின்னக் குழந்தைகூடப் பாடும் 'அமேஃபுரி' என்ற மழைப்பாட்டின் மூன்றாவது சரணத்தில் இந்தப் பிள்ளை நிற்கிறது. 1925இல் 'கொதொமோ நொ குனி', அதாவது 'குழந்தைகளின் நாடு' என்ற இதழில் வந்த பாட்டு. எழுதியவர் கிதஹாரா ஹகுஷூ, மெட்டமைத்தவர் நகயாமா ஷிம்பேய். ஆனால் பாட்டு தெரியும் என்று சொல்லுகிற பலர் முதல் சரணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மரத்தடியில் அழுகிற பிள்ளை அப்படியே நனைந்தபடி நிற்கிறது. எனக்கு அதில் மெய்யான வருத்தம். இன்று நான் பேச வந்ததே அந்தப் பிள்ளைக்காகத்தான்.

முதல் சரணம் துள்ளிக்கொண்டு வரும். 'அமே அமே ஃபுரே ஃபுரே'. மழையே மழையே, பெய் பெய்! ஏன் பெய்ய வேண்டும்? மழை பெய்தால்தான் அம்மா குடையோடு அழைத்துப்போக வருவாள். குழந்தை வானத்தைப் பார்த்துக் கூப்பிடுவது உண்மையில் அம்மாவைத்தான்.

அம்மா கொண்டுவருவது 'ஜானோமே' குடை. மூங்கில் காம்பு, மூங்கில் குச்சிகள், அவற்றின் மேல் எண்ணெய் பூசிய கெட்டிக் காகிதம். விரித்துவைத்து மேலிருந்து பார்த்தால் நிறத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். அதனால்தான் அந்தப் பெயர். பாம்பின் கண் என்று பொருள். அம்மா வருகிறாள் என்பதை அவள் முகம் தெரிவதற்கு முன்பே அந்த வளையம் சொல்லிவிடும்.

இரண்டாவது சரணத்தில் சிறுவன் பையை மாட்டிக்கொண்டு அம்மாவின் பின்னால் நடக்கிறான்; மணி அடிக்கிறது. மூன்றாவதில் நம் பிள்ளை கண்ணில் படுகிறது. நான்காவதில் சிறுவன் அம்மாவைக் கேட்கிறான்: "அம்மா, என்னுடைய குடையைக் கொடுக்கட்டுமா?" உடனே மரத்தடிப் பக்கம் திரும்பி, "இந்தாப்பா, இந்தக் குடையைப் பிடித்துக்கொள்" என்கிறான். ஜப்பானிய மூலத்தில் அந்த வாக்கியத்துக்குப் பெரிய மனிதத் தோரணை உண்டு. படித்த இளைஞர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட நடை அது. அழுகிற பிள்ளைக்கு எதிரில் நிற்கும்போது இவன் ஒரு நொடியில் வளர்ந்துவிடுகிறான். ஐந்தாவது சரணத்தில், "எனக்குப் பரவாயில்லை, அம்மாவின் பெரிய குடைக்குள் போய்விடுகிறேன்" என்று மறுபடியும் குழந்தையாகி ஒட்டிக்கொள்கிறான். மூன்று பேர், இரண்டு குடை. கணக்கு தீர்ந்தது.

இனி அதன் பல்லவியைக் கவனியுங்கள். 'பிச்சிபிச்சி சாப்புசாப்பு ரன்ரன்ரன்'. இரட்டைக்கிளவியில் ஊறிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்னிரண்டும் தண்ணீரில் கால் படும் ஓசை. 'ரன்ரன்ரன்' மனசு போடும் கும்மாளம். ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் இந்தப் பல்லவி வருகிறது. ஆம், "மரத்தடியில் அழுகிறது" என்ற சரணத்துக்குப் பின்னும் அதே 'ரன்ரன்ரன்'தான். முதலில் எனக்கு இது உறுத்தியது. கவிஞர் கவனிக்காமல் விட்டாரோ என்றுகூட நினைத்தேன். பலமுறை பாடிப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறியது. சிறுவன் அழுகையைக் கண்டுவிட்டான். கால் மட்டும் இன்னும் பழைய தாளத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் "கொடுக்கட்டுமா" என்ற கேள்வி பிறக்கிறது.

ஹகுஷூ இப்படி எழுதியதற்கு ஒரு பின்னணி உண்டு. அதற்கு முன்பு பள்ளிகளில் பாடப்பட்டவை பெரும்பாலும் அரசு வகுத்துக் கொடுத்த பாடல்கள். பாடம் சொல்வதே அவற்றின் வேலை. 1918 ஜூலையில் சுஸுகி மியெகிச்சி 'அகாய் தோரி', அதாவது 'சிவப்புப் பறவை' என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். குழந்தையின் மனத்திலிருந்து எழும் பாட்டு வேண்டும் என்று கேட்டு அவர் தொடங்கியதிலிருந்து 'தோயோ' என்ற புதிய குழந்தைப் பாடல் இயக்கம் வளர்ந்தது. அந்த இதழில் பாடல்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஹகுஷூ.

அதே ஆண்டு அந்த இதழில் அவர் எழுதியது 'அமே', மழை. இதில் அம்மா வரவில்லை, குடையும் இல்லை. விளையாடப் போக ஆசை. மரச்செருப்பின் சிவப்பு வாரும் அறுந்துவிட்டது. சரி, வீட்டுக்குள்ளேயே வண்ணத்தாள் மடிப்போம். வெளியே ஒரு காட்டுக்கோழிக் குஞ்சு கத்துகிறது. அதற்கும் குளிருமே, தனிமையாக இருக்குமே. பொம்மையைத் தூங்க வைத்தாயிற்று, மத்தாப்பும் கொளுத்தித் தீர்ந்தது. மழை விடவில்லை. பகலிலும் பெய்கிறது, இரவிலும் பெய்கிறது என்று முடிந்துவிடுகிறது. ஆறுதலாக ஒரு சொல் கிடையாது. குழந்தையின் சலிப்பை இவ்வளவு மரியாதையோடு நடத்திய பாட்டை நான் அதிகம் கண்டதில்லை.

ஹகுஷூ வளர்ந்தது ஃபுகுவோகா மாவட்டத்தின் யனகாவா பகுதியில். கால்வாய்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் ஊர். பெயரை எழுதும் இரண்டு எழுத்துகளுக்கு வில்லோ, ஆறு என்று பொருள். அந்தப் பிள்ளை அழுகிற மரம் அங்கிருந்துதான் வந்திருக்குமோ என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

நகயாமாவைப் பற்றி ஒரே ஒரு செய்தி. மத்யமமும் நிஷாதமும் இல்லாத ஐந்து சுர வரிசையை அவர் தம் பாடல்களில் பெரிதும் விரும்பிக் கையாண்டார். ச, ரி, க, ப, த. நம் மோகனத்தின் சுரங்கள்! இங்கே சங்கீதம் பயின்ற பிள்ளைகள் இப்பாடல்களைச் சட்டென்று பிடித்துக்கொள்வதில் எனக்கு வியப்பே இல்லை.

1921இல் வந்த 'தெருதெரு போஸு' பாட்டுக்கும் அவர்தான் மெட்டமைத்தார். உருண்டைத் தலை வைத்த வெள்ளைத் துணிப் பொம்மையை இறவாரத்தில் தொங்கவிட்டு, நாளைக்கு வெயில் அடிக்கச் செய் என்று வேண்டுகிற பாட்டு. செய்தால் பொன்மணி தருவோம், இனிப்பு மதுவும் ஊற்றுவோம். செய்யாவிட்டால் தலையை நறுக்கிவிடுவோம் என்று மிரட்டலில் முடியும். ஜூன், ஜூலையில் வாரக்கணக்கில் நசநசக்கும் 'த்ஸுயு' மழையை அனுபவித்தவர்கள் அந்தக் கோபத்தைக் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

மறுபடியும் குடைக்கே வருகிறேன். நோகுச்சி உஜோ என்றொரு கவிஞர். அவர் சூட்டிக்கொண்ட 'உஜோ' என்ற புனைபெயரின் முதல் எழுத்தே மழை. 1925இல் அவர் எழுதிய 'அமேஃபுரி ஓத்ஸுகிசான்' மேகத்துக்குப் பின்னே மறைந்த நிலாவைக் கேட்கிறது: கல்யாணப் பெண்ணாகப் புறப்படும்போது யாரோடு போவாய்? தனியாகக் குடை பிடித்துப் போவேன். குடை இல்லையென்றால்? சலங்கை கட்டிய குதிரைமேல் அசைந்து அசைந்து நனைந்துகொண்டே போவேன். இதற்கும் மெட்டு நகயாமாதான்.

1960களின் தொடக்கத்தில் வந்த 'அமேஃபுரி குமா நொ கோ'வில் ஒரு கரடிக்குட்டி வருகிறது. மலையில் மழை பெய்து சிறு ஓடை பிறக்கிறது. மீன் இருக்குமா என்று குட்டி எட்டிப் பார்க்கிறது. இல்லை. கையால் ஒரு வாய்த் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு மறுபடியும் பார்க்கிறது. மழை விடுவதாக இல்லை. குட்டி ஓர் இலையைப் பறித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறது.

இப்போது நம் பிள்ளைகள் மேடைக்கு வந்து 'அமேஃபுரி'யைப் பாடப்போகிறார்கள். ஐந்து சரணங்களையும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். மூன்றாவது முடிந்து 'பிச்சிபிச்சி' வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திப் பாடச் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் தயவுசெய்து கை தட்டாதீர்கள். நான்காவது சரணம் வரட்டும்.