ஆட்கள் மாறிய குழுவின் அரை நூற்றாண்டு

அவையோர்க்கு வணக்கம்.

இசைக்குழு ஒன்றிலிருந்து முக்கியமான ஒருவர் விலகினால், அதைச் சரிவின் தொடக்கம் என்று எழுதிவிடுவது வழக்கம். இங்கிலாந்தின் கிங் கிரிம்சன் என்ற ராக் இசைக்குழுவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. புதியவர் வரும்போதெல்லாம் அவருக்கேற்ற புதிய இசையைத் தேடிச் சென்றதே இக்குழுவின் உயிர்.

1969 ஜூலை 5 அன்று லண்டன் ஹைட் பார்க்கில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழு மேடையேறுவதற்கு முன் வாசித்து, அக்டோபரில் முதல் இசைத்தட்டை வெளியிட்ட இவர்கள், டிசம்பரில் அமெரிக்கப் பயணத்தின்போதே பிளவுபட்டார்கள். சாக்சபோன் கலைஞர் இயன் மெக்டொனால்டும் ட்ரம்ஸ் கலைஞர் மைக்கேல் கைல்ஸும் விலகுவதாகச் சொன்னபோது, அவர்களுக்குப் பதிலாகத் தாமே விலகிக்கொள்வதாகக் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் முன்வந்தார், அவர்கள் ஏற்கவில்லை. பாடகர் கிரெக் லேக்கும் சில மாதங்களில் வேறு குழுவுக்குப் போனார். கடைசிவரை எல்லா அணிகளிலும் இருந்தவர் ஃப்ரிப் ஒருவரே.

1972இல் யெஸ் என்ற இன்னொரு ஆங்கிலேய ராக் குழு புகழின் உச்சியில் இருந்தபோது, அதன் ட்ரம்ஸ் கலைஞர் பில் புரூஃபோர்ட் அதை விட்டுவிட்டு இங்கே வந்தார். பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான ஜான் வெட்டனும் வயலின் கலைஞர் டேவிட் கிராஸும் சேர்ந்த அந்த அணி, எழுதி வைக்காத இசையை மேடையிலேயே உருவாக்கத் துணிந்தது. 1974இல் 'ரெட்' இசைத்தட்டு கடைக்கு வருமுன்பே ஃப்ரிப் குழுவைக் கலைத்துவிட்டார்.

1981இல் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஏட்ரியன் பெலூ, பேஸ் கலைஞர் டோனி லெவின் ஆகியோரோடும் புரூஃபோர்டோடும் ஃப்ரிப் திரும்பி வந்தபோது ஒலியே வேறாகிவிட்டது. 'ஃப்ரேம் பை ஃப்ரேம்' பாட்டை நிதானமாகக் கேளுங்கள்: இரண்டு கிட்டார்கள் ஒரே ஸ்வரக் கோர்வையைச் சேர்ந்து தொடங்கும், ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஸ்வரத்தை விட்டுவிடுவதால், மெல்ல மெல்ல விலகிப்போய், பல சுற்றுகள் கழித்து மீண்டும் ஒன்றுசேரும். இதை வாசிப்பதற்கு விரல் வேகம் மட்டும் போதாது. பக்கத்தில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதும் தன் கணக்கை விடாத மன உறுதி வேண்டும்.

2014இல் புறப்பட்ட ஏழு பேர் அணி, மூன்று ட்ரம்ஸ்களை மேடையின் முன்வரிசையில் வைத்தது. ஃப்ரிப் பின்வரிசையில் அமர்ந்து வாசித்தார். 1970களின் தொடக்கத்தில் குழுவில் இருந்த சாக்சபோன் கலைஞர் மெல் காலின்ஸ், நாற்பதாண்டுகள் கழித்து இந்த அணியில் மீண்டும் இணைந்தார். 2021 டிசம்பரில் டோக்கியோவில் நடந்த கடைசிக் கச்சேரியை 'ஸ்டார்லெஸ்' பாட்டோடு நிறைவு செய்தார்கள். 1974இல் அதே பாட்டின் ஒலிப்பதிவுக்கு விருந்தினராக வந்து வாசித்தவர் காலின்ஸ்.