ஒரு கப் என்றால் எத்தனை கிராம்?

வணக்கம் நேயர்களே. எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் தராசில்தான் வந்து நிற்பேன் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். இன்று தலைப்பே தராசு என்பதால் சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

ஒரு கப் என்றால் எத்தனை கிராம் என்று கேட்காதவர்களே இல்லை. எந்தப் பொருள் என்று சொல்லாமல் கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது. கப் அளப்பது இடத்தை, தராசு அளப்பது எடையை. 240 மில்லி பிடிக்கிற கப்பில் தண்ணீர் ஏறக்குறைய 240 கிராம் இருக்கும், அதே கப்பில் எண்ணெய் 220 பக்கம், சர்க்கரை 200, தேன் என்றால் 340க்குக் குறையாது. ஆகவே ஒரே எண்ணை மனதில் வைத்துக்கொண்டு எல்லாப் பொருளையும் மாற்ற முடியாது, பொருளுக்குப் பொருள் எண் வேறு.

சரி, மைதா எவ்வளவு? 120 கிராம் என்றும் சொல்வார்கள், 150 என்றும் சொல்வார்கள். இரண்டும் சரிதான்!

இதை நம்பாதவர்களுக்காக நான் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். என் அக்காவிடமும் நாத்தனாரிடமும் ஒரே டப்பாவையும் ஒரே கப்பையும் கொடுத்து, ஒரு கப் மாவு எடுங்கள் என்றேன். அக்கா கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளி, போதாததற்கு மேடையில் இரண்டு தட்டுத் தட்டி நிரப்பினாள். நாத்தனார் மாவைக் கரண்டியால் கிளறிவிட்டு, அள்ளி அள்ளிப் போட்டு, கத்தியின் முதுகால் தலை தட்டினார். இரண்டு கப்பும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன, தராசில் வைத்தால் முப்பது கிராம் வித்தியாசம். நாலு கப் மாவு கேட்கிற செய்முறையில் இதுவே ஒரு முழுக் கப் மாவாகிவிடும், அப்புறம் கேக் ஏன் வறண்டுபோனது என்று அடுப்பைத் திட்டிக்கொண்டிருப்போம். மாவு கூடுவதும் குறைவதும் துகள்களுக்கு நடுவில் இருக்கிற காற்றால்தான். அழுத்தினால் காற்று வெளியேறும், சலித்தால் உள்ளே போகும். அதனால்தான் ஒரு கப் மாவை எடுத்துச் சலிப்பதும், சலித்த மாவில் ஒரு கப் எடுப்பதும் ஒன்றில்லை.

இதற்கு மேல் இன்னொரு தொல்லை, கப்பே ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, அங்கேயே உணவு லேபிளில் 240, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. செய்முறை எந்த நாட்டுக்காரருடையது என்று பார்க்காமல் கணக்குப் போட்டால் முதல் படியிலேயே வழுக்கும்.

நான் சொல்வது இதுதான். அட்டவணைகளை அப்படியே நம்பாதீர்கள். ஒரு செய்முறை உங்களுக்கு நன்றாக வருகிறதா? அடுத்த முறை செய்யும்போது கிண்ணத்தைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்தி, வழக்கமாக எடுக்கிற மாதிரியே கப்பால் எடுத்துப் போடுங்கள். திரையில் வருகிற எண்ணைச் செய்முறைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மறுபடி பூஜ்யமாக்கிவிட்டு அடுத்த பொருள். உங்கள் கையின் கப்புக்கு எத்தனை கிராம் என்பது உங்கள் தராசுக்குத்தான் தெரியும், எந்த அட்டவணைக்கும் தெரியாது. இன்னொரு லாபமும் உண்டு, தேனைக் கப்பில் ஊற்றி வழித்தெடுக்கிற பாடு கிடையாது, கழுவ ஒரு பாத்திரமும் குறைவு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், கரண்டி அளவுகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தூள் உப்பு ஒரு மேசைக்கரண்டி சுமார் 18 கிராம், பெரிய செதில்களாக இருக்கிற உப்பு அதில் பாதிகூட இருக்கலாம், அதனால் உப்பு வகையை மாற்றினால் எடை பார்த்து மாற்றுங்கள். ஈஸ்ட், சோடா மாவு இதெல்லாம் இரண்டு மூன்று கிராம் என்றால் வீட்டுத் தராசு தடுமாறும், அங்கே மட்டும் கரண்டியே மேல். அவுன்ஸில் எடை அவுன்ஸ் வேறு, திரவ அவுன்ஸ் வேறு, அதற்குத் தனியாக ஒரு நாள் கேட்டு வாங்கித்தான் வரவேண்டும். வணக்கம்.