இதயம் வரை போகும் குழாய்

வணக்கம். ஐ.சி.யூ.வில் படுத்திருக்கும் சொந்தக்காரரின் கழுத்திலும் மணிக்கட்டிலும் குழாய்களைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். இத்தனையும் தேவையா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். மருத்துவர்களே இதற்காகப் பல வருடம் மல்லுக்கட்டியிருக்கிறோம்.

மல்லுக்கட்டு பெரும்பாலும் ஸ்வான்-கான்ஸ் குழாயைப் பற்றித்தான். 1970இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவர்கள் ஜெரமி ஸ்வானும் வில்லியம் கான்ஸும் அதை அறிமுகப்படுத்தினார்கள். நுனியில் சின்ன பலூன் இருக்கும். கழுத்துச் சிரையில் விட்டால், ரத்த ஓட்டமே அதை இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். கடலில் பாய்மரப் படகைப் பார்த்துத்தான் ஸ்வானுக்கு இந்த யோசனை வந்ததாம். நுரையீரல் தமனியில் உள்ள அழுத்தம், இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் தள்ளுகிறது என்பதெல்லாம் படுக்கையருகிலேயே தெரிய ஆரம்பித்தது. எந்த மருத்துவருக்குத்தான் ஆசை வராது? உலகம் முழுக்கச் சகட்டுமேனிக்குக் குழாய் போட்டோம்.

1996இல் அமெரிக்காவில் 5,735 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. குழாய் போட்டவர்களில் இறந்தவர்கள் அதிகம் என்றது. நோய் முற்றியவர்களுக்குத்தானே போடுகிறோம், இறப்பு கூடத்தானே செய்யும் என்று சிலர் வாதாடினார்கள். சரி, யாருக்குப் போடுவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்துப் பார்த்துவிடலாம் என்று பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். 2005இல் முடிவு வந்தது: மருத்துவமனையில் இறந்தவர்கள் குழாய் போட்டவர்களில் 68 சதவீதம், போடாதவர்களில் 66. அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. ஆக, குழாய் கொல்லவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. ஆனால் போட்டதில் சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு சிக்கல்.

என் கணக்கில் கோளாறு குழாயில் இல்லை. குழாய் காட்டும் எண் கிடைத்த பிறகு எந்தச் சிகிச்சையை மாற்றுவது என்பதில் எங்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. மணிக்கட்டுத் தமனியில் போடும் ஆர்ட்டீரியல் லைன் அப்படியல்ல. ரத்த அழுத்தம் சரிந்து, அதை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஓடிக்கொண்டிருப்பவருக்கு, நொடிக்கு நொடி அழுத்தத்தைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டிக் குறைக்கிறோம். அங்கே தயங்காமல் போடுவேன். ஸ்வான்-கான்ஸையும் தூக்கி எறிந்துவிடவில்லை. நுரையீரல் ரத்த அழுத்த நோய், சில இதய அறுவை சிகிச்சைகள் என்று இன்றும் அதற்கு வேலை இருக்கிறது.

அப்புறம், கழுத்துச் சிரையில் போடும் சென்ட்ரல் லைன். அதன் பெரிய ஆபத்து கிருமித்தொற்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐ.சி.யூ.க்களில் கை கழுவுவது, தோலில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி தடவுவது, தேவையில்லாத குழாயை உடனே எடுப்பது போன்ற சாதாரண விஷயங்களைக் கறாராகச் செய்தே தொற்றை வெகுவாகக் குறைத்தார்கள். 2006இல் அந்த முடிவுகள் வெளியாயின. அதனால் உங்கள் வீட்டு நோயாளியைப் பார்க்கும் மருத்துவரிடம், "இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா டாக்டர்?" என்று தினமும் தாராளமாகக் கேளுங்கள்.