ரஷ்ய உளவு நாவலை ரஷ்யர் கண்ணால் படிப்பது எப்படி?

(திரை: ஐந்து தளக் கட்டடம், முன்பக்கம் நான்கு வாசல்கள்)

மாஸ்கோவில் நடக்கிற ஓர் உளவு நாவல். உளவாளியின் கையில் ஒரு முகவரி: தெரு, கட்டட எண், வீட்டு எண் 47. அவன் நேராக நான்காம் தளத்துக்கு ஏறி, ஏழாவது கதவைத் தட்டுகிறான். மேற்கத்திய ஓட்டல் அறை எண் மாதிரி எழுதிவிட்டார்கள். ரஷ்ய வாசகருக்கு இங்கேயே நம்பிக்கை போய்விடும்.

சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்தில் கட்டிய இந்தக் கட்டடங்களில் ஒவ்வொரு வாசலுக்கும் தனிப் படிக்கட்டு. பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. தளத்துக்கு நான்கு வீடு என்றால், வாசலுக்கு 20 வீடு. எண்கள் வாசல் வாசலாக ஓடும். முதல் இரண்டு வாசல்களில் 40 முடிந்துவிடும். மூன்றாவது வாசலில் முதல் தளம் 41 முதல் 44 வரை, இரண்டாம் தளம் 45 முதல் 48 வரை. 47 அங்கேதான். தரைத்தளத்தையே முதல் தளமாக எண்ணுவது ரஷ்ய வழக்கம் என்பதால், நம் கணக்கில் அது முதல் மாடி. உள்ளூர்க்காரர் நடந்துகொண்டே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவார். வாசல் வாசலாக நின்று எண்பலகை படிப்பவனை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் பார்த்துவிடுவார்கள்.

உளவாளிக்கும் நாவலாசிரியருக்கும் வேலை ஒன்றுதான்: உள்ளூர் ஆள் என்று நம்பவைப்பது. அதனால் துப்பாக்கியின் மாடலைச் சோதிக்கும் முன் பெயர்களைச் சோதியுங்கள்.

(திரை: செர்கேய் பெத்ரோவிச் வோல்கவ் / ஆன்னா பெத்ரோவ்னா வோல்கவா)

அண்ணனும் தங்கையும். நடுப்பெயர் அப்பா பியோத்தரிடமிருந்து வருகிறது. நம் இனிஷியல் போலத்தான், ஆனால் வாய்விட்டுச் சொல்வார்கள். குடும்பப் பெயரும் பெண்ணுக்கு மாறும். மாஸ்கோவில் பிறந்து வளர்ந்த பெண்ணை 'ஆன்னா வோல்கவ்' என்று எழுதினால் தவறு. வெளிநாட்டில் குடியேறிய குடும்பம் என்றால் அப்படி இருக்கலாம். ஷெவ்சென்கோ போல 'கோ'வில் முடியும் பெயர்கள் இருபாலருக்கும் ஒன்றே.

அடுத்தது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள். அலுவலகத்தில் மரியாதையாக 'செர்கேய் பெத்ரோவிச்'. சீருடையில் 'தோழர் கர்னல்'. சோவியத் ஒன்றியம் போன பிறகும் ராணுவத்தில் இந்த விளிப்பு மாறவில்லை. வீட்டில் மனைவிக்கு அவர் 'செர்யோஷா'. சமையலறையில் அவள் முழுசாக 'செர்கேய்' என்றால் ஏதோ கோபம். அந்தக் கோபத்துக்குக் கதையில் காரணம் இல்லையென்றால், எழுதியவருக்கு வழக்கம் தெரியவில்லை என்று அர்த்தம். 'சாஷா' என்றால் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம்: அலெக்சாந்தர், அலெக்சாந்திரா இருவருக்கும் செல்லப்பெயர் அதுதான். ரகசியத் தொடர்பாளருக்கு அருமையான பெயர்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. ரஷ்ய மொழியில் 'தி' என்றால் நீ, 'வி' என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் எழுதிய நாவலில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். விசாரணை அறையில் அதிகாரி 'நீங்கள்' என்று தொடங்கி, ஒரு கேள்வியில் சட்டென்று 'நீ'க்கு இறங்குகிறார். மேசையைத் தட்ட வேண்டியதில்லை, அந்த ஒரு சொல்லே மிரட்டல். தமிழில் மொழிபெயர்ப்பவர் அந்த இடத்தைத் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் 'நீங்கள்' என்று போட்டுவிட்டால் காட்சியின் பாதி பலம் போய்விடும்.

(திரை: 1983)

கதை நடக்கும் ஆண்டைத் தாளில் குறித்துக்கொண்டு இடப்பெயர்களைச் சரிபாருங்கள். 1983-இல் நாயகன் 'லுபியான்கா' மெட்ரோ நிலையத்தில் இறங்க முடியாது. 1990 வரை அதன் பெயர் 'த்செர்ஜீன்ஸ்கயா'. மெட்ரோவுக்குள் போக ஐந்து கோப்பெக் நாணயம் போட வேண்டும். சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி.யின் வெளிநாட்டு உளவுப் பிரிவும் அப்போது அதன் தலைமையகம் இருந்த லுபியான்காவில் இல்லை, 1972-இலேயே நகரின் தென்மேற்கே யாசனேவோவுக்குப் போய்விட்டது. இன்றைய ரஷ்யாவின் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.பி. என்ற பெயர் 1995-இல்தான் வந்தது.

வீட்டுக்குள் போனால் காலணியைக் கழற்றிச் செருப்பு மாட்ட வேண்டும். பூங்கொத்தில் பூக்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. கோப்பையை உயர்த்தி 'ந ஸ்தரோவியே' என்று வாழ்த்துவதும் ரஷ்ய வழக்கம் இல்லை. சாப்பாட்டுக்கு நன்றி சொன்னவருக்குக் கொடுக்கும் பதில் அது.

மாஸ்கோ மெட்ரோவில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. நகர மையத்தை நோக்கிப் போகும் ரயிலில் அறிவிப்பு ஆண் குரலில் வரும், மையத்தை விட்டு விலகும் ரயிலில் பெண் குரல். வட்டப் பாதையில் கடிகாரச் சுற்றுக்கு ஆண் குரல், எதிர்ச் சுற்றுக்குப் பெண் குரல். கண்ணை மூடியிருக்கும் பயணிக்கும் திசை தெரியும். இன்றைய மாஸ்கோவில் பின்தொடர்பவனை ஏமாற்ற நாயகன் எதிர்த்திசை ரயிலில் தாவுகிறான் என்றால், 'கவனம், கதவுகள் மூடுகின்றன' என்று சொல்லும் குரலும் மாறியிருக்க வேண்டும்.